மனோனா, சார்லோட்டா, தாயிஸா: மாஸ்னேயிடம் எங்கே தொடங்குவது?

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜூல் மாஸ்னே (1842–1912) முப்பதுக்கும் மேற்பட்ட ஓப்பராக்கள் எழுதினார். முதல் அங்கத்தில் ஒருத்தியாக நுழைந்தவள் கடைசி அங்கத்தில் வேறொருத்தியாக முடிவதை இசையாலேயே உணர்த்துவது அவருடைய தனித் திறமை. அதைக் கேட்டு அறிய விரும்புகிறவர்களுக்கு வழக்கமாக மூன்று பெயர்கள் சொல்லப்படும்: பாரிஸின் ஓப்பரா கோமிக் அரங்கில் 1884 ஜனவரி 19 அன்று அரங்கேறிய ‘மனோன்’, வியன்னாவில் 1892 பிப்ரவரி 16 அன்று அரங்கேறிய ‘வெர்தேர்’, பாரிஸ் ஓப்பராவில் 1894 மார்ச் 16 அன்று அரங்கேறிய ‘தாயிஸ்’. மூன்றையும் முழுதாகக் கேட்க ஏறத்தாழ ஏழு மணி நேரம் வேண்டும். எதை முதலில் எடுக்கிறோம் என்பது முக்கியம். பொருந்தாத இடத்தில் தொடங்குகிறவர்கள் “இனிமையான மெட்டுகள், நிறையக் கண்ணீர், அவ்வளவுதான்” என்று மாஸ்னேயை மூடி வைத்துவிடுகிறார்கள்.

எங்கள் பரிந்துரை இது: வெர்தேரில் தொடங்குங்கள். ஆனால் கேட்கும்போது நாயகன் வெர்தேரை விட்டுவிட்டு, அவன் காதலிக்கும் சார்லோட்டைப் பின்தொடருங்கள். ஏன் என்று சொல்வதற்கு முன், மாஸ்னேயிடம் மாற்றம் எந்த இடத்தில் கேட்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கதைத் திருப்பத்தின் தலையில் மாற்றத்தைக் கட்டிவிடுகிற ஆள் அல்ல அவர். பாத்திரம் தன் வாயால் ஒப்புக்கொள்ளும் முன்பே அதன் குரல் மாறிவிடும். எனவே முதலில் பாடகியின் வரி எப்படி நகர்கிறது என்று பாருங்கள்: பேச்சுப் போல நடுத்தர ஸ்தாயியில் சுருங்கிக் கிடக்கிறதா, மூச்சு முட்ட நீள்கிறதா, அடிக்கடி அறுபடுகிறதா? அடுத்து, ஒரு மெட்டு முதலில் யாருடையதாக இருந்தது, பிறகு யாரிடம் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். மாஸ்னே தன் பிரதிகளில் பாடகருக்கு அடிக்கு அடி குறிப்பு எழுதியவர். எங்கே தயங்க வேண்டும், எங்கே வேகம் கூட்ட வேண்டும், எந்தச் சொல்லை விழுங்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே இருக்கும். அந்தக் குறிப்புகளைப் பொருட்படுத்தாமல் பாடினால் மெட்டு மிஞ்சும், ஆள் காணாமல் போவாள். பிரெஞ்சு தெரியாதவர்கள் சப்டைட்டில் உள்ள காணொளியையோ, பனுவலின் (ஓப்பராவின் பாடல் வரிகள், வசனம்) மொழிபெயர்ப்பையோ பக்கத்தில் வைத்துக்கொள்வது கட்டாயம். தயக்கம் எந்தச் சொல்லில் விழுகிறது என்று தெரியாவிட்டால் பாதி மாற்றம் கைநழுவிவிடும்.

வெர்தேர்: மாறுகிறவள் சார்லோட்

ஜெர்மன் எழுத்தாளர் கெதேயின் 1774ஆம் ஆண்டு நாவலிலிருந்து வந்த கதை: ஆல்பெர்ட்டுக்கு நிச்சயமான சார்லோட்டை வெர்தேர் காதலிக்கிறான். மாஸ்னே இதை முதலில் ஓப்பரா கோமிக்கின் இயக்குநர் கார்வாலோவிடம் காட்டினார்; மிகவும் சோகமாக இருக்கிறது என்று அவர் தயங்கினார்; 1887 மே 25 அன்று அந்த அரங்கமே தீயில் எரிந்தது. இப்படித்தான் ஒரு பிரெஞ்சு ஓப்பரா வியன்னாவில், ஜெர்மன் மொழியில் முதன்முதலாகப் பாடப்பட்டது. நான்கு அங்கங்கள், ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம். ஜூலையில் தொடங்கி கிறிஸ்துமஸ் இரவில் முடிகிறது.

வெர்தேர் மாறுவதே இல்லை. முதல் அங்கத்தில் இயற்கையைப் பார்த்து உருகுகிறவன் அதே உருக்கத்தோடுதான் சாகிறான். அவனுடைய துயரம் ஆழமாகிறதே தவிர அவன் வேறு ஆளாவதில்லை. வெர்தேராக வரும் டெனரின் (உயர்ந்த ஆண் குரல்) புகழ்பெற்ற பாடல்களுக்காக இந்த ஓப்பராவைக் கேட்பவர்கள் ‘இதில் என்ன மாற்றம்’ என்று கேட்பது இதனால்தான்.

சார்லோட்டுக்கு முதல் இரண்டு அங்கங்களிலும் தனி ஆரியா (தனிப்பாடல்) கிடையாது. இதை மாஸ்னே அவளுக்கு வஞ்சகம் செய்ததாக எண்ண வேண்டாம், வேண்டுமென்றே செய்தது. அவள் தம்பி தங்கைகளுக்கு ரொட்டி வெட்டிக் கொடுக்கிறாள், இறந்துபோன தாயைப் பற்றிப் பேசுகிறாள், ஆல்பெர்ட்டை மணப்பதாகத் தாய்க்குக் கொடுத்த வாக்கைச் சொல்கிறாள். எல்லாம் அடக்கமான, பேச்சை ஒட்டிய வரிகள். விருந்து நடனம் முடிந்து இருவரும் நிலவொளியில் திரும்பும் காட்சியில் மெட்டு முழுவதும் ஆர்கெஸ்ட்ராவிடம் இருக்கிறது. அவள் அதன் மேல் மெதுவாகப் பேசுவது போலப் பாடுகிறாள். அவள் மனத்தில் இருப்பது ஆர்கெஸ்ட்ராவுக்குத் தெரியும், அவளுக்கு இன்னும் தெரியாது.

மூன்றாம் அங்கம் டிசம்பர் 24, மாலை. ஆல்பெர்ட்டின் மனைவியாகி மாதங்கள் ஆகிவிட்டன. வெர்தேரை ஊரைவிட்டுப் போகச் சொன்னவளும் கிறிஸ்துமஸுக்குத் திரும்பி வரலாம் என்று சொன்னவளும் அவள்தான். இப்போது தனியாக உட்கார்ந்து அவன் அனுப்பிய கடிதங்களை மறுபடி படிக்கிறாள். இந்தக் காட்சியைத்தான் மாஸ்னேயின் மாற்றக் கலையின் உச்சமாக நாங்கள் கருதுகிறோம். ஏனென்றால் அவள் பாடுவது தன் சொற்களை அல்ல, அவனுடைய சொற்களை. டிசம்பரின் சாம்பல் நிற வானம், ஜன்னலுக்குக் கீழே குழந்தைகளின் கூச்சல், கடைசியாக ‘குறித்த நாளில் நான் வராவிட்டால் என்னைக் குற்றம் சொல்லாதே, எனக்காக அழு’ என்ற வரி. அவன் மொழி அவள் வாய்க்குள் நுழைந்த பிறகு அவளால் பழைய அடக்கத்துக்குத் திரும்ப முடியவில்லை. குரல் முதன்முறையாக மெஸ்ஸோவின் (நடுத்தரப் பெண் குரல்) மேல் ஸ்தாயிக்கு ஏறுகிறது.

உடனே வருகிறது கண்ணீர்ப் பாட்டு, ‘வா! லேஸ் கூலே மே லார்ம்’. தங்கை சோஃபி சிரித்துப் பேசித் தேற்ற வருகிறாள்; அழாமல் அடக்கிய கண்ணீரெல்லாம் உள்ளுக்குள்ளேயே திரும்ப விழும் என்று சார்லோட் பதில் சொல்கிறாள். துணைக்கு ஆல்ட்டோ சாக்ஸஃபோன். 1892இல் ஓப்பரா ஆர்கெஸ்ட்ராவில் அரிதான வாத்தியம் அது. குழலா மனிதக் குரலா என்று பிரிக்க முடியாத அந்த நாதம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல ஒலிக்கும். பாட்டு சில நிமிடங்கள்தான். மலிவான ஸ்பீக்கரில் சாக்ஸஃபோன் அமுங்கிவிடும், ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

அதற்குப் பின் வெர்தேர் வந்து, ஓசியன் என்ற பழங்கவிஞர் பெயரில் வந்த கவிதையைப் பாடுவதும், அவள் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுவதும், ஆல்பெர்ட்டின் கட்டளைப்படி வெர்தேர் தன்னைச் சுட்டுக்கொள்ளப் போகும் துப்பாக்கிகளை அவள் கையாலேயே எடுத்துக் கொடுப்பதும் எல்லோருக்கும் தெரிந்தவை. நான்காம் அங்கத்தில்தான் முழு மாற்றம்: சாகக் கிடப்பவனிடம், பார்த்த நாள் முதலே நேசித்ததாக அவள் சொல்கிறாள். கெதேயின் நாவலில் லோத்தே (சார்லோட்டின் ஜெர்மன் பெயர்) சாவுப் படுக்கைக்கு வருவதில்லை. ஓப்பராவின் பனுவலை எழுதிய பிளோ, மில்லியே, ஹார்ட்மன் மூவரும் அவளை அங்கே வரவழைத்தார்கள். நாவலை உயிராக நேசிப்பவர்களுக்கு இது உறுத்தும். ஆனால் மாற்றம் என்ற கோணத்தில் பார்த்தால், அவளை அங்கே கொண்டுவராமல் மூன்றாம் அங்கத்துக்குப் பொருளே இல்லை.

தொடங்குபவர்களுக்கு இதை முன்வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாற்றத்தை அளக்க மாஸ்னே ஓர் அளவுகோலைக் கையில் கொடுத்திருக்கிறார். திரை விலகியதும் ஜூலை வெயிலில் குழந்தைகள் கிறிஸ்துமஸ் பாட்டை ஒத்திகை பார்க்கிறார்கள், கண்டபடி கத்துகிறார்கள். சார்லோட்டுக்குக் கேட்கும் என்று தந்தை சொன்னதும் ஒழுங்காகப் பாடுகிறார்கள். அதே பாட்டு கடைசியில், வெர்தேர் இறக்கும்போது, வெளியிலிருந்து கேட்கிறது. பாட்டு மாறவில்லை. குழந்தைகளும் மாறவில்லை. அவர்களுக்கு ரொட்டி வெட்டிக் கொடுத்தவள் மட்டும் மாறிவிட்டாள். இந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால், இசை வடிவங்கள் ஒன்றும் தெரியாதவருக்கும் விஷயம் பிடிபட்டுவிடும்.

கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. சில சார்லோட்டுகள் முதல் அங்கத்திலேயே பெருமூச்சும் கனத்த குரலுமாகப் பாடுவார்கள். அப்படித் தொடங்கினால் மூன்றாம் அங்கத்தில் ஏறுவதற்குப் படியே மிச்சமிருக்காது. இரண்டாவது, பாரிட்டோன் (டெனரைவிடத் தாழ்ந்த ஆண் குரல்) பதிப்பு. பாடகர் மத்தியா பத்திஸ்தினிக்காக மாஸ்னேயே 1902இல் வெர்தேரின் வரியைத் தாழ்த்தி அமைத்தார். கேட்க அருமைதான். ஆனால் ஆல்பெர்ட்டும் பாரிட்டோன் என்பதால் கணவனுக்கும் காதலனுக்கும் இடையே காதில் விழும் வேறுபாடு குறைந்து, சார்லோட் எதிலிருந்து எதை நோக்கி இழுபடுகிறாள் என்பது மங்கிவிடும். முதல்முறை டெனர் பதிப்பையே கேளுங்கள். பழைய ஒலிப்பதிவின் கரகரப்பைப் பொறுத்துக்கொள்பவர்களுக்கு ஜார்ஜ் தில், நினோன் வலென் பாடிய 1931ஆம் ஆண்டுப் பதிவு இன்றும் ஒப்பற்றது. சொல் ஒவ்வொன்றும் தெளிவாக விழும்.

மனோன்: படிப்படியாக, நம் கண் முன்னால்

மாற்றம் நடந்து முடிந்ததைப் பார்ப்பதைவிட, நடந்துகொண்டிருக்கையில் பார்க்க விரும்புபவருக்கு மனோன்தான். அபே பிரெவோவின் 1731ஆம் ஆண்டு நாவலை வைத்து மெய்யாக், ஜில் இருவரும் பனுவல் எழுதினார்கள். ஐந்து அங்கங்கள், ஆறு காட்சிகள். இசை மட்டும் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி. அரங்கில் இடைவேளைகளோடு ஒரு முழு மாலை.

அமியேன் நகர விடுதி முற்றத்தில் வண்டியிலிருந்து இறங்குகிறாள். கன்னிமடத்துக்கு அனுப்பப்படும் வழி. முதல் பாட்டில் பயணத்தின் தலைசுற்றல் இன்னும் போகவில்லை. ஒரே மூச்சில் சிரிப்பும் அழுகையும், வரி துண்டு துண்டாக விழும். பகட்டாக உடுத்திய மூன்று பெண்களைப் பார்த்ததும் அதே குரல் ஏக்கத்தில் நீளுகிறது. அங்கேயே இரண்டு மனோன்களும் இருக்கிறார்கள். இரண்டாம் அங்கத்தில், அவளோடு ஓடிவந்த காதலன் தே கிரியே தன் தந்தைக்கு எழுதும் கடிதத்திலிருந்து அவளுக்கு நேற்றுத்தான் பதினாறு வயது நிறைந்தது என்று தெரியவரும். அதே நாளில் அவனைக் கடத்திச் செல்லப் போகிறார்கள் என்ற செய்தி அவளுக்குத் தெரிந்தும் வாய் திறக்காமல் இருக்கிறாள். காதலனிடம் விடைபெற முடியாததால் இருவரும் சாப்பிட்ட சின்ன மேசையிடம் விடைபெறுகிறாள்: ‘அதியூ, நோத்ர் பெதித் தாப்ல்’. பெரிய துரோகத்தை இவ்வளவு தாழ்ந்த குரலில் எழுதிய இசையமைப்பாளர் வேறொருவரைச் சொல்வது கடினம்.

மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சி, பாரிஸின் கூர் லா ரென் உலாவிடம். இப்போது அவள் பிரபு பிரெத்தினியின் செல்வத்தில் மிதக்கிறாள். குரலில் அலங்காரங்கள், உச்ச ஸ்வரங்கள், கவோத் நடனத்தின் மிடுக்கு. அடுத்த காட்சி சான் சுல்ப்பீஸ் தேவாலயம்: குருவாகப் போகிற தே கிரியேயை மீட்க வருகிறாள். ‘இது என் கை இல்லையா’ என்று தொடங்கும் அந்த மெட்டில் அலங்காரம் ஒன்றுகூட இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஒரே பாடகி மூன்று வகைக் குரல்களைத் தர வேண்டியிருக்கிறது.

மனோனின் சிக்கலும் இங்கேதான். மெல்லிய சொப்ரானோ (உயர்ந்த பெண் குரல்) பாடினால் முதல் அங்கமும் உலாவிடமும் மின்னும். சான் சுல்ப்பீஸில் ஆர்கெஸ்ட்ரா அவளை மூழ்கடிக்கும். கனத்த குரல் பாடினால் தேவாலயக் காட்சி அதிரும். ஆனால் வண்டியிலிருந்து இறங்கும் சிறுமி, வாழ்ந்து சலித்தவளாக ஒலிப்பாள், மாற்றத்துக்கு இடமே இராது. பதிவைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் அங்கத்தில் ஐந்து நிமிடமும் சான் சுல்ப்பீஸில் ஐந்து நிமிடமும் கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே ஆள், ஆனால் வேறு ஆள் என்று தோன்றினால் அந்தப் பதிவு போதும். பியேர் மோந்தே நடத்த, விக்டோரியா தே லோஸ் ஆங்கெலெஸ் பாடிய 1955ஆம் ஆண்டுப் பதிவு இந்தச் சோதனையில் தேறும்.

அடுத்த சிக்கல் வெட்டு. உலாவிடக் காட்சியில் வரும் பாலே நடனத்தை நேரம் மிச்சப்படுத்துவதற்காக எடுத்துவிடும் அரங்குகள் உண்டு. அலங்காரம்தானே என்று நினைப்பார்கள். கிழச் செல்வந்தன் கில்லோ அவளைக் கவர்வதற்காக ஓப்பராவின் நடனக் குழுவையே வரவழைக்கிறான். நடனம் முடிந்து கேட்டால், நான் எதையும் பார்க்கவில்லை என்கிறாள். அவ்வளவு நேரமும் அவள் மனம் சான் சுல்ப்பீஸில் இருந்திருக்கிறது. நமக்கு முன்னால் ஆடியதெல்லாம் அவள் காணாத ஒன்று. பாலேயை வெட்டினால் அந்த ஒரு வரி வெறும் அலட்சியமாகிவிடும், அவள் திரும்பிய கணமும் தொலைந்துவிடும். அதுபோலவே இசை பின்னணியில் ஓட வசனம் பேசப்படும் பகுதிகள்: ஓப்பரா கோமிக் மரபின்படி வந்தவை, பிரெஞ்சு தெரியாத ஊர்களில் சுருக்கப்படுபவை. வெட்டு இல்லாத பதிப்பு கிடைக்காவிட்டால் மனோனைத் தள்ளிப்போடுவதே நல்லது.

முடிவு, நாடு கடத்தப்படும் அவளைத் துறைமுகமான லு ஆவ்ருக்குக் கொண்டுபோகும் சாலையில். நாவலில் அவள் லூயிசியானா வரை போய் இறக்கிறாள். இங்கே கப்பல் ஏறும் முன்பே. வானில் முதல் நட்சத்திரம் தெரிகிறது. எவ்வளவு அழகான வைரம் என்கிறாள், பிறகு ‘பார், இன்னும் என் மினுக்கு போகவில்லை’ என்று தன்னைத் தானே பார்த்துச் சொல்கிறாள். முழுதாக மனம் திருந்திய பெண்ணாக மாஸ்னே அவளைச் சாகவிடவில்லை. வைர ஆசையும் காதலும் ஒரே வரியில் இருக்கின்றன. அந்த நேர்மைக்காகவே இந்த ஓப்பராவை எத்தனை முறையும் கேட்கலாம்.

மனோன் பிடித்தவர்கள் கூடவே தேட வேண்டிய சிறிய படைப்பு ஒன்று உண்டு: 1894 மே மாதம் அரங்கேறிய ‘மனோனின் உருவப்படம்’. ஒரே அங்கம். வயதான தே கிரியே அதில் வருகிறார். இளமையில் டெனராக இருந்தவருக்கு மாஸ்னே இதில் பாரிட்டோன் குரலைக் கொடுத்திருக்கிறார்.

தாயிஸ்: எதிரெதிர்த் திசையில் இருவர்

எழுத்தாளர் அனத்தோல் பிரான்சின் நாவலிலிருந்து லூயி கால்லே அமைத்த பனுவல். நான்காம் நூற்றாண்டு எகிப்து. அலெக்ஸாந்திரியாவின் தாசி தாயிஸ், அவளைத் திருத்தப் பாலைவனத்திலிருந்து புறப்படும் துறவி அத்தனாயேல். அவள் துறவியாகிறாள், அவன் ஆசையில் எரிகிறான். காகிதத்தில் இதுதான் மிகத் துல்லியமான மாற்றக் கதை. ஆகவே பலரும் இதில் தொடங்குகிறார்கள், ஏமாறுகிறார்கள்.

தாயிஸின் மாற்றம் பாடப்படவில்லை என்பதே காரணம். இரண்டாம் அங்கத்தில் அவள் கண்ணாடியிடம் தன் அழகைக் கேட்கிறாள். அத்தனாயேல் வந்து வாதாடுகிறான், அவள் நடுங்குகிறாள், முடிவில் ‘நான் தாயிஸாகவே இருப்பேன்’ என்று மறுத்துச் சிரிப்பும் விம்மலுமாக உடைகிறாள். அடுத்து அவள் வாய் திறக்கும்போது மனம் மாறியிருக்கிறது. இடையில் நடந்தது தனி வயலின் வாசிக்கும் ‘மெதித்தாசியோன்’ மட்டும்: டி மேஜரில், ஐந்தாறு நிமிடம். கச்சேரிகளில் தனியாக வாசித்து வாசித்து அது திருமண வரவேற்பு இசை போலப் பழகிவிட்டது. அதை ஒரு பெண்ணின் தூக்கமற்ற இரவாகக் கேட்க, அதற்கு முந்தைய பத்து நிமிடங்களை உடனே கேட்டுவிட்டு வர வேண்டும். நடுவே கிளர்ச்சியடையும் பகுதி அந்த இரவின் போராட்டம். இந்த வேலையைச் செய்யாதவருக்கு மாற்றம் திடுமென்று நடந்ததாகத் தோன்றும்.

உண்மையில் தாயிஸில் காது கொடுக்க வேண்டியது பாரிட்டோனுக்கு. முதல் காட்சியிலேயே, இளமையில் அவள் வீட்டு வாசல்வரை போனதை அத்தனாயேல் சொல்லிவிடுகிறான். உலகத்தாரோடு கலக்காதே என்று முதிய பாலெமோன் எச்சரிக்கிறார். வீட்டை எரிக்கும் முன் தாயிஸ் ஒரு சின்ன ஈரோஸ் (கிரேக்கக் காதல் தெய்வம்) சிலையை மட்டும் வைத்துக்கொள்ளக் கேட்கிறாள். அது அவளுடைய காதலன் நிசியாஸ் கொடுத்தது என்று தெரிந்ததும் அவன் ஆத்திரத்தோடு உடைக்கிறான். பக்தி பேசுகிற வாயில் பொறாமை. 1898இல் மாஸ்னே திருத்தியபோது சேர்த்த பாலைவனச் சோலைக் காட்சி இதை முழுதாக்குகிறது: கடுமையாக அவளை நடக்க வைத்தவன், கால்களில் ரத்தம் கண்டு கலங்கி, தண்ணீரும் பழமும் கொண்டுவருகிறான். அவனுடைய வரி அங்கேதான் முதன்முறையாக மென்மையாகிறது. இந்தக் காட்சி இல்லாத தயாரிப்பைத் தவிர்த்துவிடுங்கள். அது போனால் அத்தனாயேலின் வீழ்ச்சிக்குப் படிக்கட்டே இல்லை. ஈவ் ஆபெல் நடத்த, ரெனே ஃபிளெமிங், தாமஸ் ஹாம்ப்ஸன் பாடிய பதிவில் அது இருக்கிறது, இருவரும் சமபலம்.

யாருக்கு எது?

ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் வெர்தேர். அதற்கும் நேரமில்லாவிட்டால் தொடக்கக் குழந்தைகள் பாட்டு, நிலவொளிக் காட்சி, மூன்றாம் அங்கம் முழுவதும், கடைசிப் பத்து நிமிடம் என்ற வரிசை போதும். ஒன்றரை மணிக்குள் முடியும். நாவலோடு ஒப்பிட்டுப் படிக்கும் இலக்கிய மாணவர்களுக்கும் இதுவே வசதி, ஏனெனில் நாவலில் வெர்தேரின் கடிதங்கள் வழியாகவே பெரும்பாலும் நாம் அறியும் பெண் இங்கே தானே பேசுகிறாள். குரல் பயிலும் சொப்ரானோக்கள் மனோனைப் படிக்கலாம், ஆனால் முழு வேடத்தையும் இளம் வயதில் பாட முயல வேண்டாம். மேசைப் பாட்டும் முதல் அங்கப் பாட்டும் போதும், சான் சுல்ப்பீஸ் காத்திருக்கும். வயலின் வழியாக மெதித்தாசியோனை ஏற்கெனவே அறிந்தவர்கள் தாயிஸில் தொடங்கத் துடிப்பார்கள். அவர்களிடம் சொல்வது, இரண்டாம் அங்கத்தை முழுதாகக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள், மீதியை மற்ற இரண்டையும் கேட்ட பின் வைத்துக்கொள்ளுங்கள்.

1910இல் மோந்தே கார்லோவில் பாடகர் ஃபியோதர் ஷாலியாப்பினுக்காக அரங்கேறிய ‘தோன் கிஷோத்’தை (டான் குயிக்சோட் கதை) நான்காவது வாய்ப்பாகச் சிலர் சொல்வார்கள். நல்ல படைப்பு, குறைந்த நேரம். அங்கே நாயகன் அசையாமல் நிற்க, அவனைச் சுற்றியிருப்பவர்கள் மாறுகிறார்கள்: கொல்ல வந்த கொள்ளையர்கள் அவன் பிரார்த்தனையைக் கேட்டு வாழ்த்துப் பெறுகிறார்கள், சோற்றுக்கும் தூக்கத்துக்கும் மட்டும் வாழ்ந்த சாஞ்சோ, எஜமானைப் பார்த்துச் சிரிக்கும் பெரிய மனிதர்களை நேருக்கு நேர் சாடுகிறான். சாஞ்சோவின் அந்தச் சீற்றத்துக்காக மட்டுமே கேட்கலாம். ஆனால் தொடங்குவதற்கு உரியது அல்ல.

தாயிஸின் கடைசிக் காட்சிக்கு வந்து சேரும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். மெதித்தாசியோன் மெட்டு திரும்புகிறது. இறக்கும் தாயிஸ் சொர்க்கம் திறப்பதைப் பாடுகிறாள். அத்தனாயேல் அதே இசையின் மேல், நான் சொன்னதெல்லாம் பொய், உயிரும் மனிதர் மேல் கொண்ட அன்பும் தவிர எதுவும் உண்மையில்லை என்று கதறுகிறான். இருவரும் ஒன்றாகப் பாடுகிறார்கள். அவள் காதில் அவன் சொல் ஒன்றும் விழவில்லை.